முதல் அண்டா

அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது என்பது கலைப்பிரியாவின் தொழில் நம்பிக்கை. ஆடி மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கோவிலுக்கு எதிர்வீட்டுக்காரி கொண்டுவந்த அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டித் தைத்து, போட்டுப் பார்க்கச் சொன்னால், அக்குள் பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் துணி தொங்கியது. தையலில் தப்பில்லை. அளவு ஜாக்கெட்டையே போட்டுப் பார்க்கச் சொன்னாள். அதுவும் தொங்கியது. அந்த வாரத்தில் இப்படித் தொங்குகிற ஜாக்கெட் இது முதலாவது அல்ல. எல்லாம் மேலத் தெரு உடம்புகள்.

"இன்னாடி, உன் புருசன் சோறு போடறதில்லியா?" என்று கேட்டபடி குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டாள்.

"வயித்தால போயிப் போயி ஒண்ணுமில்லாம ஆயிட்டேன்க்கா. சளியும் ரத்தமுமா போச்சு. நிமிந்து நிக்க முடியல."

கலைப்பிரியா குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டாள். தைப்பதற்கு இனி அவசரமில்லை. அவள் சுபாவம் அப்படி. திண்டிவனம் பக்கமிருந்து ஒரு ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தால், அது யார் வீட்டு வாசலில் நின்றது என்று தெரிகிறவரை அவளுக்குத் தையல் நேராக வராது. அந்தத் தெருவில் அவளை வாயாடி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் சொன்னவர்களும் ஏதாவது ஒன்று தெரிய வேண்டுமென்றால் அவளிடம்தான் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். மாரியம்மன் கோவிலில் முதல் கூழ் ஊற்றிய மறுநாள் சாயங்காலத்தில் இருந்து ஒவ்வொரு வீடாகப் படுத்தது. காய்ச்சல், அடிவயிற்றில் முறுக்கிப் பிழிகிற வலி, பிறகு சீதபேதி. பெரியவர்கள் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்கள். கோவில் தர்மகர்த்தா வெங்கடாசலத்தின் மகள் அஞ்சலாட்சி ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய கைக்குழந்தைதான் தாங்கவில்லை. கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல், முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே இன்னும் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்து ஆட்கள் வந்து மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டார்கள், குழாய்த் தண்ணீரை எடுத்துப் போனார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. தண்ணீரில் இல்லையென்றால் வேறு எதிலாவது இருந்தாக வேண்டும் அல்லவா? ஊர் கொஞ்சமும் யோசிக்காமல் ஜெசிந்தாவின் மோரில் போய் நின்றது.

ஜெசிந்தா கலைப்பிரியாவுக்கு எதிர்வீடு. தெருமுனையில் இருக்கிற நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒன்று. புருஷன் சவரிராயன் சவூதியில் கொத்து வேலை. இவள் மாடு வைத்து, டிவிஎஸ் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பால் ஊற்றுகிறவள். ஒரு வருஷம் ஊரில் கோமாரி வந்து மாடுகள் வாயில் நுரை தள்ளி நின்றபோது, மாதாவுக்கு மெழுகுவத்தி என்றும் மாரியம்மாவுக்கு மோர் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். மாடுகள் பிழைத்தன. "எந்த அம்மா காப்பாத்துனாளோ, ரெண்டு பேருக்கும் செஞ்சிடறேன்" என்று அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் கூழுக்கு மோர் அவள் வீட்டிலிருந்துதான் போகும். இத்தனை வருஷமாக அந்த மோரைப் புகழ்ந்து குடித்தவர்களே இப்போது, மோரில் அன்றைக்கே ஒரு வாடை அடித்தது என்றார்கள். காலையில் பால் வண்டி சத்தம் கேட்டால் சொம்போடு வந்து நின்ற வீடுகள் கதவைச் சாத்தின. ஒரு வீட்டில் பிள்ளையை விட்டு "பால் வேணாமாம்" என்று சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் கூழ் ஆடி கடைசி ஞாயிறு. அதற்கு மோர் பாக்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம், ஜெசிந்தாவிடம் கேட்க வேண்டாம் என்று வெங்கடாசலம் சொல்லிவிட்டார்.

கலைப்பிரியாவுக்கு இது பொறுக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், மாமியார் வீட்டில் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, தானாக வந்து பேசியவள் ஜெசிந்தா. அந்த நன்றி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு முடிச்சு அவிழாமல் கிடந்தால் கலைப்பிரியாவுக்குத் தூக்கம் வராது. இரண்டும் சேர்ந்துகொண்டதால் அவள் தையலை ஓரம் கட்டிவிட்டு வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினாள். யார் யாருக்கு வந்தது, கூழை எங்கே உட்கார்ந்து குடித்தார்கள், வெங்காயம் கடித்தார்களா, கருவாட்டுக் குழம்பு தொட்டார்களா என்று ஒன்று விடாமல் கேட்டாள். அவளுக்கே ஒன்றும் வரவில்லை என்பதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காப்புக் கட்டி விரதம் இருந்தவள் அவள். முதல் அண்டாவில் கூழைக் கரைத்தவளும், முதல் குவளை குடித்தவளும் அவள்தான். அம்மா அவளை விட்டுவிட்டாள் என்று தெருவே சொன்னது.

துணை சுகாதார நிலையத்துக்கு வருகிற நர்ஸ் அப்ஸானா, கோட்டக்குப்பத்துப் பெண். சின்ன வயசு. கேள்வி கேட்டால் சலிக்காமல் பதில் சொல்கிறவள். கலைப்பிரியாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆஸ்பத்திரியில் குழந்தையின் மலத்தைப் பரிசோதித்ததில் ஷிகெல்லா என்ற கிருமி என்று தெரிந்திருக்கிறதாம். அப்ஸானா அதைச் சொல்லிவிட்டு, மாட்டைச் சந்தேகப்படுகிறவர்களை நினைத்துச் சிரித்தாள்.

"மாட்டு வயித்துல இது இருக்காதுக்கா. மனுச வயித்துல மட்டும்தான் குடித்தனம். கைல ஒட்டிக்கும், ஈ தூக்கிக்கினு போவும், அப்பிடியே இன்னொருத்தர் வாய்க்குப் போயிடும். நெறயக் கூட வேணாம். நகக்கண்ணுல கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கினு இருந்தாலே போதும்."

மாட்டுக்கு இல்லாத கிருமி! கலைப்பிரியா அன்றைக்கு முழுக்க இதை அதிசயித்துக்கொண்டிருந்தாள். ஈக்கும் எறும்புக்கும் நாய்க்கும் விலக்கு அளித்துவிட்டு, மனிதனின் வயிறுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு உயிர். அதைக் கொண்டுபோய் வெங்கடாசலத்திடம் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து கறுத்துப்போயிருந்த அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அப்படியானால் ஜெசிந்தாவின் கையிலிருந்து மோருக்கு வந்திருக்கும் என்றார். மாட்டைக் காப்பாற்றப் போய் மாட்டுக்காரியை மாட்டிவிட்டோமே என்று கலைப்பிரியா வாயைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அவர் சொன்னதற்குப் பதில் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. புருஷன் பச்சைமுத்து திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மயிலம் ரோட்டில் பாலம் கட்டுகிற ஆட்களுக்குச் சிமெண்ட் இறக்கிவிட்டு வந்தவன், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக, அந்த ஆட்கள் கடைசி ஞாயிறும் கூழ் உண்டா என்று கேட்டதாகச் சொன்னான். கலைப்பிரியா தட்டில் போட வந்த அப்பளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஒன்றும் ஆகவில்லையாம். அவர்கள் எப்போது வந்து குடித்தார்கள்? வெயில் ஏறின பிறகு, இரண்டாவது அண்டாவில். கீழண்டைத் தெருக்காரர்களும் அப்போதுதான் வந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் யாரும் படுக்கவில்லை.

மறுநாள் கீழண்டைத் தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டு உறுதி செய்துகொண்டாள். இரண்டு அண்டாவுக்கும் களி ஒரே அடுப்பில் கிண்டியது. தண்ணீர் ஒரே குழாய். வெங்காயம் ஒரே கூடை. மோரும் ஜெசிந்தாவின் அதே கேனிலிருந்து, முதல் அண்டாவுக்குப் பாதி, இரண்டாவதுக்கு மீதி. ஊற்றியதைக் கலைப்பிரியாவே கண்ணால் பார்த்தாள். மோர் கெட்டதென்றால் இரண்டு அண்டாவும் கெட்டிருக்க வேண்டாமா? சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெசிந்தாவிடம் ஓடுவதற்கு முன்னால், படித்தவள் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று அப்ஸானாவிடம் போனாள்.

அப்ஸானா கேட்டுவிட்டு, மோரின் மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"கூழுக்கு அப்பறம் யாருக்கு வந்துச்சுன்னே எல்லாரும் கேட்டுக்கினு இருக்கீங்க. கூழுக்கு முன்னாடி யாருக்குனா இருந்துச்சா? சரியாப்போன அப்பறமும் கொஞ்ச நாளைக்கு வயித்துல கெடந்து வெளிய வந்துக்கினே இருக்கும்க்கா. அவங்களுக்கே தெரியாது."

இது நல்ல கேள்வி, இதை எப்படி விட்டோம் என்று நினைத்தபடி கலைப்பிரியா ரோட்டோரமாக நடந்தாள். கூழுக்கு முன்னால் யார்? மேலத் தெரு வீடுகளை ஒரு ஓரத்திலிருந்து மனதுக்குள் எடுத்துக்கொண்டு வந்தாள். இல்லை, இல்லை, இந்த வீட்டிலும் இல்லை. இரண்டு அண்டாவுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொரு பக்கம் யோசனை ஓடியது. முதல் அண்டா அம்மாவுக்குப் படைக்கிறது. அதைக் காப்புக் கட்டினவள்தான் கரைக்க வேண்டும், கரண்டி படக்கூடாது, முழங்கை வரை உள்ளே விட்டு உருண்டை உருண்டையாகக் களியைப் பிசைந்து கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். இரண்டாவது படைத்து முடிந்த பிறகு ஊருக்கு ஊற்றுகிறது. அதைப் பச்சைமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் துடுப்பு போட்டு அடித்தார்கள். ஒன்றில் கை பட்டது, ஒன்றில் படவில்லை.

புளியமரத்தடியில் நின்றுவிட்டாள்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா பிள்ளைக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. அக்கா வேலைக்குப் போனதால், இவள்தான் கழுவிவிட்டு, துணி அலசிப் போட்டு, இரண்டு நாள் இருந்து பார்த்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவளுக்கே வயிறு முறுக்கியது. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டதில் மறுநாளே நின்றது, மீதி மாத்திரையைத் தையல் டப்பாவில் போட்டு மூடினாள். பச்சைமுத்துவுக்கும் அந்த வாரம் வயிறு சரியில்லை. அவன் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். விரதத்துக்கு முன்னால் வயிறு சுத்தமானதும் நல்லதுதான் என்று அவள் நினைத்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. அப்புறம் காப்பு. காலையும் மாலையும் தலைக்குத் தண்ணீர், உடம்பெல்லாம் மஞ்சள், ஈரப் புடவை. சோப்பு மட்டும் கிடையாது. சோப்பில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று அந்த ஊரில் விரதம் இருக்கிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கொல்லைப்புறம் போய்வந்தால் வெறும் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள். சாதாரண நாளில் துணியில் கறை படக்கூடாதே என்று மணிக்கொரு தரம் சோப்பு போட்டுக் கை கழுவுகிற தையல்காரி, அம்மாவுக்கு முன்னால் உட்கார்கிற அன்றைக்குப் பார்த்து, மஞ்சள் மணக்கிற கையை முழங்கை வரை அண்டாவுக்குள் விட்டிருக்கிறாள்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் அவளுக்கு முதலில் வந்தது. நூல் பிரிந்து வந்ததும் பளிச்சென்று ஒரு நிம்மதி. அதற்காகத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டாள். அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே அஞ்சலாட்சியின் குழந்தை வந்தது. கண்ணீர் வராமல் அழுத முகம் வந்தது. அந்தக் குழந்தைக்குக் குவளையில் விரலை நனைத்து நாக்கில் தடவிவிட்டதும் அவள்தான். பிரசாதம், வாயில் வை என்று அஞ்சலாட்சியே நீட்டினாள். கலைப்பிரியா கையை விரித்துப் பார்த்தாள். மணிக்கட்டில் காப்புக் கயிறு மஞ்சள் மங்காமல் இருந்தது.

திரும்பவும் அப்ஸானாவிடமே போனாள். அவள் திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பரிசோதனைக்கு டப்பா கொடுத்தாள், பதில் வந்த பிறகு மருந்து வேண்டுமா என்று டாக்டர் சொல்வார், அதுவரை மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம், வீட்டிலும் ஒவ்வொரு தடவையும் சோப்பு என்றாள். விரதமாயிற்றே என்று இழுத்ததற்கு, கொழுப்பில்லாத சோப்பும் கடையில் விற்கிறது, உறையில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள் என்றாள். இவ்வளவு சின்ன விஷயமா என்று கலைப்பிரியாவுக்கு அழுகை வந்தது.

பச்சைமுத்து பதறிப்போனான்.

"நீ வாய மூடிக்கினு இரு. கொழந்த தேறிக்கினு வர்தாம். இன்னும் ஒரு மாசத்துல ஊரே மறந்துடும். நீயாப் போயி எதுக்குப் பேஜார இழுத்துக்கினு வர்ற?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காப்புக் கட்டினவளின் கையால் ஊர் படுத்தது என்று தெரிந்தால் இனி யார் அவளிடம் ஜாக்கெட் கொடுப்பார்கள்? யார் அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்? கடைசி ஞாயிற்றுக்குக் கை சரியில்லை, சுளுக்கு என்று எதையாவது சொல்லி ஒதுங்கிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் இந்த யோசனையிலேயே மிஷினை மிதித்தாள். அந்த இரண்டு நாளும் எதிர்வீட்டுக் காம்பவுண்ட் சுவரின் மேல் பால் கேன் கவிழ்த்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் தெருவைத் தாண்டிப் போனாள்.

ஜெசிந்தா விற்காத பாலைத் தோய்த்த தயிரைக் கடைந்துகொண்டிருந்தாள். கலைப்பிரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா பிள்ளை, மாத்திரை, சோப்பு, அண்டா. ஜெசிந்தா மத்தை நிறுத்தவில்லை.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற கலை? என் மோருல ஒண்ணும் இல்லன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு."

"சொல்றேன்க்கா. ஞாயித்துக்கெழம நீ மோரு எடுத்துக்கினு வா."

"நான் வர்ல" என்றாள் ஜெசிந்தா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கலைப்பிரியாவுக்கு அதுதான் வலித்தது.

ஆடி கடைசி ஞாயிறு. போன தடவை படுத்தவர்களுக்குப் பயம் இருந்தது, ஆனால் அம்மாவுக்குப் பயந்து எல்லாரும் வந்திருந்தார்கள். கோவிலுக்கு முன்னால் வேப்பிலை கட்டிய அண்டா. உள்ளே இரவே கிண்டி ஆறிய களி. பக்கத்தில் வெங்கடாசலம் வாங்கிவைத்த மோர் பாக்கெட்டுகள் ஒரு கூடையில் வியர்த்துக்கொண்டிருந்தன. அஞ்சலாட்சி முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை இடுப்பில் ஒரு துணி மூட்டை போல் தொங்கியது, ஆனால் பம்பைச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிப் பார்த்தது.

பம்பை நின்றதும் வெங்கடாசலம் கலைப்பிரியாவைக் கைகாட்டினார். அவள் ஈரப் புடவையோடு அண்டாவுக்கு எதிரே வந்து நின்றாள், உட்காரவில்லை. முந்தானையில் முடிந்திருந்த சோப்புக் கட்டியை எடுத்து, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் வைத்தாள். கோவில் வாசலில் சோப்பா என்று வெங்கடாசலம் முகத்தைச் சுளித்தார். பச்சைமுத்து கூட்டத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன கூழு என் கைலதான் கெட்டுச்சு பெரியப்பா. மோருல இல்ல" என்றாள் கலைப்பிரியா. ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாதவள் அல்லவா, அக்கா வீட்டிலிருந்து இரண்டு அண்டா வரைக்கும் தைத்த துணியைப் பிரிக்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இன்றைக்குத் தான் கரைக்கப் போவதில்லை என்றும், யார் கரைத்தாலும் சோப்பு போட்டு நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அண்டாவைத் தொட வேண்டும் என்றும், அது கொழுப்பில்லாத சோப்பு என்றும் சொன்னாள். கடைசியாக அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அவளிடம் என்னவோ சொல்ல வைத்திருந்தாள், அது மட்டும் வாயில் வரவில்லை.

பம்பைக்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கரைக்க யாரும் முன்னால் வரவில்லை. காப்புக் கட்டியவள் ஒதுங்கிவிட்டால் யார் கரைப்பது என்று அந்த ஊரில் இதுவரை யாரும் யோசித்ததில்லை. வெங்கடாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அஞ்சலாட்சி இடுப்பிலிருந்த குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அண்டாவுக்கு முன்னால் வந்து, வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கலைப்பிரியாவுக்கு முன்னால் நீட்டினாள். கலைப்பிரியா குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அஞ்சலாட்சி சோப்பை எடுத்து விரல் விரலாகத் தேய்த்தாள். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் தேய்த்தாள். தேய்க்கிற நேரமெல்லாம் கலைப்பிரியாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று கலைப்பிரியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறுத்தாமல் ஊற்றுவது ஒன்றுதான் அவளால் முடிந்தது. நுரை கலந்த தண்ணீர் கோலத்தின் ஓரத்தை அழித்துக்கொண்டு ஓடியது.

அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். களியை இரண்டு கையாலும் அள்ளிப் பிசைந்தாள். பக்கத்தில் இருந்தவள் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கப் போனபோது, வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"மோரு எங்க?" என்று கேட்டாள்.

கேட்டது புரியாதவர்கள் கூட்டத்தில் யாரும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாத் தலையும் தெருமுனைப் பக்கம் திரும்பியது. அங்கே ஜெசிந்தா வீட்டுக் கேட் திறந்திருந்தது. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. காம்பவுண்ட் சுவரின் மேல் கவிழ்த்த கேன் வெயிலில் பளபளத்தது. அஞ்சலாட்சியின் கை அண்டாவுக்குள் அசையாமல் இருந்தது.